இந்த ஆண்டா, அடுத்த ஆண்டா?

அக்டோபர் 9
அமெரிக்காவில் பிஎச்.டி. படிக்க இந்த ஆண்டே விண்ணப்பிப்பதா, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுவதா என்று குழப்பம். விண்ணப்பத்தில் பரிந்துரைக் கடிதத்துக்கு மூன்று பெயர் கேட்கிறார்கள். இரண்டு போட்டாயிற்று. மூன்றாவதற்கு யாரைப் போடுவது? அங்கே பெரும்பாலான பிஎச்.டி. விண்ணப்பங்களுக்கு டிசம்பர்தான் கெடு.

அக்டோபர் 14
எஸ்ஓபி, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரை, அதன் வரைவை அச்செடுத்துப் படித்தேன். இந்தத் துறை மேல் ஆசை வந்த கதை ஒரு பக்கத்துக்கு ஓடுகிறது. ஆராய்ச்சிக்கு நாலே வரி. அதிலும் 'பங்கேற்றேன்', 'கற்றுக்கொண்டேன்' என்றுதான் இருக்கிறது. என்ன கண்டுபிடித்தேன் என்று ஒரு வரிகூட இல்லை.

அக்டோபர் 20
பேராசிரியரிடம் கடிதம் கேட்டேன். "தர்றேன்ப்பா. ஆனா நல்லாப் படிச்சான்னுதான் எழுத முடியும். ஒரு கணக்கு வராம நின்னா நீ என்ன பண்ணுவேன்னு நான் பார்த்ததே இல்லையே" என்றார். அவர் சொன்னது நியாயம். தேர்வுக் குழு தெரிந்துகொள்ள விரும்புவதும் அதைத்தானே.

அக்டோபர் 23
ஓராண்டு தள்ளிப்போட்டால் எது மாறும்? மதிப்பெண் மாறாது, அது முடிந்த கதை. ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வுக்காக ஓராண்டு காத்திருப்பதில் அர்த்தமே இல்லை: 21 நாள் இடைவெளி விட்டால் மறுபடி எழுதலாம், மதிப்பெண் 5 ஆண்டு செல்லும், பல துறைகள் இப்போது அதைக் கேட்பதே இல்லை. டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும், அதை மட்டும் மறுபடி எழுத வேண்டிவரும். மிச்சம் இருப்பது ஆராய்ச்சி அனுபவமும் அந்த மூன்றாவது கடிதமும். இரண்டுக்கும் மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும்.

அக்டோபர் 27
"இப்பவே போட்டு வை, கிடைச்சா சேர்றதைத் தள்ளிப்போடு" என்கிறான் நண்பன். எல்லாத் துறையும் அதற்கு ஒப்புவதில்லை. விண்ணப்பக் கட்டணமும் கொஞ்சமல்ல. அம்மாவுக்கு வேறு கவலை: "ஒரு வருஷம் சும்மா இருந்தான்னு நினைச்சுட மாட்டாங்களா?" சும்மா இருந்தால் நினைப்பார்கள்தான். அதனால் அந்த ஓராண்டு ஆராய்ச்சி செய்ய ஓர் ஆய்வகத்தில் இடம் கிடைத்தால் மட்டுமே தள்ளிப்போடுவது, இல்லாவிட்டால் இப்போதே அனுப்பிவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 4
இடம் கிடைத்துவிட்டது! உதவித்தொகை குறைவு, பரவாயில்லை. சரி, அடுத்த ஆண்டுதான். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 12
முதல் வேலை: பழைய ஆய்வுக் கட்டுரை ஒன்றில் உள்ள வரைபடத்தை, அதே தரவை வைத்து நான் மறுபடி போட்டுக் காட்ட வேண்டும். கோட்டின் வடிவம் அப்படியே வருகிறது, உயரம் மட்டும் இரண்டு மடங்கு நிற்கிறது. அலகு மாற்றத்தில் இருக்குமோ என்று சந்தேகம். நாளை ஆய்வக வழிகாட்டியிடம் போவதற்கு முன் அதைச் சரிபார்த்துவிட வேண்டும்.