தண்ணீர்ப் பந்தலில் ஒரு மேசை

2025 ஜனவரி 19, ஞாயிறு

மலேசியாவின் பினாங்கில், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் காலை எட்டு மணிக்கே மேசை போட்டுவிட்டோம். கோயில் தொண்டர் குழு மாதந்தோறும் செய்யும் பொருள் வழங்கல் இது. ஐந்து கிலோ அரிசி, இரண்டு பொட்டலம் சமையல் எண்ணெய், பருப்பு, மீஹூன் என்னும் அரிசி நூடுல்ஸ், சார்டின் டின், ஒரு பாக்கெட் மைலோ என்று பை ஒன்றுக்கு ஐம்பது வெள்ளிக்குள் (ரிங்கிட்) அடக்கியிருந்தோம்.

உபயகாரரின் பெயர் எழுதிய பதாகைக்கு முன்னால் ஒவ்வொருவரையும் நிறுத்திப் படம் எடுக்கும் வழக்கம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. கணக்குக் காட்ட வேண்டும் என்கிறார்கள். கணக்குக்குக் கையொப்பம் போதாதா? இன்று ஒரு பெண் பையை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். படத்தில் அரிசி ஆலையின் முத்திரைதான் விழுந்திருக்கிறது. கூட்டம் கலைந்த பிறகு அவளே என்னிடம் வந்தாள். "டீச்சர், அரிசி கெடச்சிருச்சு, சாமி புண்ணியம். வீட்டுல மலாய்ல ஒரு பத்திரம் இருக்கு. வந்து படிச்சுச் சொல்ல முடியுமா?" என்று கேட்டாள்.

2025 ஜனவரி 23, வியாழன்

பிஸ்கட் டின்னுக்குள் பழைய மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் மகளின் பிறப்புப் பத்திரம் இருந்தது. மடித்து மடித்து மடிப்பின் கோடே கிழிந்திருந்தது. குடியுரிமைத் தகுதி என்னும் இடத்தில் 'புக்கான் வார்காநெகாரா' (குடிமகள் அல்லள்) என்று அச்சிடப்பட்டிருந்ததை நான் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அந்த இரண்டு சொற்களின் பொருள் மட்டும் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஏன் அப்படி எழுதியிருக்கிறது என்பதுதான் அவளுடைய கேள்வி.

கணவர் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த லாரி உதவியாள். அவள் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவள். கோயிலில் தாலி கட்டிய கையோடு வாழ்க்கையைத் தொடங்கிவிட்டார்கள். திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. பெற்றோரின் திருமணம் பதிவாகாத நிலையில் பிறக்கும் குழந்தை தந்தையின் குடியுரிமையைப் பெறுவதில்லை, தாயின் நிலையே அதற்கும் வந்துவிடுகிறது என்பதை நான் எவ்வளவோ மெதுவாகத்தான் சொன்னேன். கணவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். மகள் 2012இல் பிறந்தவள். வகுப்புத் தோழிகள் பன்னிரண்டு வயதில் மைகாட் என்னும் அடையாள அட்டை எடுக்கப் போனபோது தனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாளாம். (தாயின் விசாவின் கதை தனி, அதை இங்கே எழுதுவது அவளுக்கு நல்லதன்று.)

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

செயற்குழுக் கூட்டம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலின் ஒரு மூலையில், திருமணப் பதிவு, பிறப்புப் பத்திரம் பற்றிக் கேட்க வருபவர்களுக்காக ஒரு மேசையும் நகலெடுக்கும் இயந்திரமும் வைக்கலாம் என்றேன். பொருளாளர் மறுத்தார். அன்னதானத்துக்கென்று கொடுத்த பணத்தில் காகிதம் வாங்கினால் உபயகாரருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பிறர் நேர்ந்துகொண்டு கொடுத்த காசை நம் விருப்பத்துக்குத் திருப்புவது முறையாகாது. ஆகவே நானும் இன்னும் இருவரும் சேர்ந்து தனியாகப் பணம் போடுவதாக ஒப்புக்கொண்டோம். முகங்களைப் படம் எடுப்பதை நிறுத்துவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவார்களாம்.

2025 பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

நேற்று ரதங்கள் வந்த வழியெல்லாம் உடைந்த தேங்காய்களின் மணம் இன்னும் போகவில்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள் ஏறி இறங்கி வந்தவர்கள் மோருக்கும் எலுமிச்சைச் சாதத்துக்கும் வரிசை பிடித்தார்கள்; எங்கள் மேசையை முதல் இரண்டு மணி நேரம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துப் பந்தலின் ஒலிபெருக்கியை மீறிப் பேசித் தொண்டை கட்டியதுதான் மிச்சம் என்று நினைத்தேன்.

மதியத்துக்குப் பிறகு ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்த இளைஞர் காவடி இறக்கிய களைப்போடு, "தாலி கட்டினா போதும்னுதானே எல்லாரும் சொல்றாங்க?" என்று கேட்டார். 1982 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்றேன். இது அவர் பிறப்பதற்கும் முன்னால் வந்த சட்டம். அந்தப் பெண் ஆறு மாதக் கர்ப்பிணி. "பிள்ளை பிறந்து 60 நாளுக்குள்ளே அதன் பிறப்பையும் பதிந்துவிடுங்கள்" என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் திருநீற்றுப் பொட்டலத்தோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாலைக்குள் ஏழு பேர் வந்து கேட்டிருந்தார்கள். பொருளாளரே கடைசியில் ஒரு பாட்டியைக் கைப்பிடித்து அழைத்து வந்து, "டீச்சரம்மா, இவங்களையும் கொஞ்சம் பாருங்க" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

2025 பிப்ரவரி 19, புதன்

லாரி உதவியாளரையும் அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குச் சென்றேன். முகப்பில் இருந்த அம்மையார் பொறுமையாகவே விளக்கினார். முதலில் திருமணம் பதிவாக வேண்டும். அதற்கு 21 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. அதற்கும் முன்னால், மணமகள் வெளிநாட்டவர் என்பதால், அவர் திருமணமாகாதவர் என்று அவருடைய நாட்டுத் தூதரகத்திடமிருந்து கடிதம் வேண்டும்.

நான் தமிழில் சொன்னதும் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மஞ்சள் கயிறு. "கல்யாணம் ஆகலைன்னு நானே எழுதிக் கேக்கணுமா டீச்சர்?" என்று கேட்டாள். கணவர்தான் பதில் சொன்னார்: "பிள்ளைக்காகக் கேளு."

இவையெல்லாம் முடிந்தாலும் மகளுக்குக் குடியுரிமை தானாக வந்துவிடாது. அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவின்படி, அவள் வயது வரம்பைத் தாண்டுவதற்குள் தனியாக விண்ணப்பித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளலாம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டேன். நம்பிக்கையூட்டுவதாக நினைத்து, "முருகன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகும் பழக்கம் எங்கள் குழுவில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது.

2025 மார்ச் 2, ஞாயிறு

கோலாலம்பூருக்குப் பேருந்துச் சீட்டு இரண்டு எடுத்துக் கொடுத்தாயிற்று. புதன்கிழமை தூதரகத்துக்குப் போகிறார்கள். கடவுச்சீட்டின் நகல்கள் மூன்று, படங்கள் நான்கு, பிறப்புப் பத்திரத்தின் நகல் என எல்லாவற்றையும் ஒரே நெகிழிக் கோப்பில் அடுக்கியிருக்கிறேன்.

இன்றைய பொருள் வழங்கலில் பதாகை மட்டும் இருந்தது. யாரையும் அதன் முன்னால் நிறுத்தவில்லை. இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவத்தில் சேர்ந்திருக்கும் அவர்களுடைய மகள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, பெற்றுக்கொண்டவர்களின் பெயர்களை முத்துமுத்தான எழுத்தில் எழுதினாள். அடையாள அட்டை எண்ணுக்கான கட்டத்தில் அம்மாவின் பெயருக்கு நேரே கடவுச்சீட்டு எண்ணை நிரப்பினாள். அதை அவள் மனப்பாடமாக வைத்திருக்கிறாள்.