சாவி இல்லாத பூட்டும் சேகரிப்புதான்: லீவரிலிருந்து தொடங்குவது எப்படி

பூட்டு திறப்பதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு வீடியோ பார்த்துத்தான் இறங்குகிறார்கள். அதில் வருவதெல்லாம் பின் (pin) பூட்டு, அதாவது உள்ளே ஸ்பிரிங்கோடு சின்னச் சின்னக் கம்பித் துண்டுகள் வரிசையாக நிற்கும் பூட்டு. உடனே ஆன்லைனில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பயிற்சிப் பூட்டு ஒன்று, பதினைந்து கம்பி அடங்கிய செட் ஒன்று. ஒரு வாரத்தில் அந்தப் பூட்டு சலித்துவிடும். ஆனால் வேலூர் லாங் பஜாரில் ஏதாவது ஒரு ஹார்டுவேர் கடையில் நின்று “நல்ல பூட்டு ஒண்ணு குடுங்க” என்று கேளுங்கள். கடைக்காரர் திருப்பிக் கேட்பது “எத்தனை லீவர்?” என்றுதான். நம் ஊர்க் கதவிலும் கிடங்கிலும் பீரோவிலும் தொங்குவது, பதிந்திருப்பது லீவர் பூட்டு. இங்கே உட்கார்ந்து சேகரிக்கிறவர் லீவரிலிருந்து தொடங்க வேண்டும், பின் பூட்டு இரண்டாவதாக வரட்டும் என்பது என் கட்சி.

முதலில் இரண்டு கட்டுப்பாடு. உங்கள் சொந்தப் பூட்டை மட்டும் திறக்க வேண்டும். அடுத்தவர் பூட்டென்றால் அவர் கண்ணெதிரே, அவர் சம்மதத்தோடு. சொந்தப் பூட்டாகவே இருந்தாலும் வாசலில் தினமும் பயன்படுகிற பூட்டில் கை வைக்கக் கூடாது. கம்பி உள்ளே உடைந்தாலோ ஸ்பிரிங் வளைந்தாலோ ராத்திரி பத்து மணிக்குக் குடும்பமே தெருவில் நிற்கும்.

லீவர் பூட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்தால்தான் எதை வாங்குவது என்று புரியும். லீவர் என்பது ஒரு முனையில் அச்சில் மாட்டிய தகடு, பெரும்பாலும் பித்தளை. ஒவ்வொரு தகட்டையும் அதற்கென்று உள்ள மெல்லிய ஸ்பிரிங் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். தகட்டில் ஒரு காடி, அதாவது சிறு பள்ளம், வெட்டியிருக்கும். நகர்ந்து பூட்டைத் தாழிடும் துண்டுதான் போல்ட்; அதில் ஒரு முளை. எல்லா லீவர்களின் காடியும் ஒரே வரிசையில் வந்து நின்றால்தான் முளை உள்ளே நுழைந்து போல்ட் நகரும். ஒரு லீவரைக் கொஞ்சம் குறைவாகத் தூக்கினாலும் தட்டும், கொஞ்சம் கூடுதலாகத் தூக்கினாலும் தட்டும். குறைந்தாலும் ஆகாது, கூடினாலும் ஆகாது என்ற இந்த ஏற்பாட்டுக்கு இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் 1778இல் காப்புரிமை வாங்கினார். 1818இல் ஜெரமையா சப் அதில் இன்னொன்றைச் சேர்த்தார்: யாராவது கள்ளக் கம்பி விட்டு ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கினால் அது மேலேயே மாட்டிக்கொள்ளும்; பிறகு சொந்தச் சாவி போட்டாலும் திறக்காது, முதலில் அதை விடுவிக்கத் தனிச் சாவி வேண்டியிருந்தது, 1824க்குப் பிறகு வந்தவற்றில் அதே சாவியை எதிர்ப்பக்கம் ஒருமுறை திருப்பி விடுவித்தால் போதும். பழைய ஆங்கிலேயர் காலத்துப் பூட்டு சாவியோடு கிடைத்து, சாவி திரும்ப மறுத்தால், கெட்டுப்போனது என்று தூக்கிப் போடுவதற்கு முன் எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள். சப்பின் இந்த வகைப் பூட்டைத்தான் 1851 லண்டன் பொருட்காட்சி நேரத்தில் அமெரிக்கரான ஆல்ஃபிரட் ஹாப்ஸ் அரை மணிக்குள் திறந்து காட்டினார்.

கடையில் லீவர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சாவியின் பல்லைப் பாருங்கள். ஆறு பல் இருந்து அதில் நான்கு ஒரே உயரமென்றால், அந்த நான்கு லீவரும் ஒரே அளவு தூக்கினால் போதும் என்று அர்த்தம். எல்லாப் பல்லும் வெவ்வேறு உயரத்தில், அதுவும் பக்கத்துப் பக்கத்துப் பல் ஒன்று மேடும் ஒன்று பள்ளமுமாக இருந்தால் அதுதான் கைக்கு வேலை கொடுக்கிற பூட்டு. ஒரே மாடலில் பத்துப் பெட்டியை எடுத்து வைக்கச் சொல்லிச் சாவியைப் பார்த்துப் பொறுக்குவது கடைக்காரருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். மதியம் கூட்டமில்லாத நேரத்தில் போங்கள்.

ஆரம்பச் சேகரிப்புக்குப் பத்துப் பன்னிரண்டு போதும், ஒவ்வொன்றும் வேறு வேறு வேலை செய்ய வேண்டும். நான்கு லீவர் மலிவுப் பூட்டு ஒன்று, அதே மாடலில் இரண்டாவது ஒன்று. முதலாவதைப் பிரித்துவிடுவீர்கள், இரண்டாவது முழுசாக இருக்க வேண்டும். கோத்ரெஜ் நவ்தால் 6 அல்லது 7 லீவர் ஒன்று. அலிகாரில் செய்த பித்தளைப் பூட்டு ஒன்று. திண்டுக்கல் மாங்காய் பூட்டு கட்டாயம். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கைவேலை என்பதால் பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டை வாங்கி வெர்னியர் அளவுகோலில் அளந்தால் வித்தியாசம் தெரியும். பீரோவில் இருந்து கழற்றிய லீவர் பூட்டு, மேசை டிராயரின் வேஃபர் பூட்டு (பின்னுக்குப் பதில் தட்டையான சிறு தகடுகள் உள்ளது), சூட்கேஸின் மூன்று எண் பூட்டு (ஆயிரம் சேர்க்கைதான், பொறுமை இருந்தால் ஒரு சினிமா ஓடி முடிவதற்குள் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிடலாம்), கதவு சிலிண்டர் (கதவில் பதிக்கிற உருளை வடிவப் பின் பூட்டு) ஒன்று, பின் பூட்டு இரண்டு. இதற்கு மேல் ஒரே மாதிரி பூட்டு வாங்கி எண்ணிக்கையைக் கூட்டுவது வீண்.

புதுசு லாங் பஜாரில் கிடைக்கும். பழசுக்குக் காயலான் கடைதான். ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று நம் வேலூரைக் கேலி செய்வார்கள். அந்தக் கடைக்குப் போனால் சாவி இல்லாத பூட்டையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். “சாவியெல்லாம் இல்ல சார், வேணும்னா எடுத்துக்கினு போங்க” என்பார்கள். எடையில் வாங்குவது லாபம். ஆனால் பித்தளைக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை. மேலே பித்தளைத் தகடு, உள்ளே இரும்பு என்ற பூட்டைப் பித்தளைக் கணக்கில் நிறுப்பார்கள், காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். வளையம் கட்டரால் வெட்டப்பட்ட பூட்டை வாங்காமல் விடுவது நல்லது. சாவி தொலைந்து வெட்டியதாகவும் இருக்கலாம், வேறு விதமாகவும் இருக்கலாம். துண்டுச்சீட்டிலாவது ஒரு ரசீது கேளுங்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கக் காயலான் கடைகளில் தோல் கிடங்குப் பூட்டுகள் வரும். கனமான, பெரிய பூட்டுகள், ஆசையாக இருக்கும். இவற்றுக்கு ஒரு தனி நோய் உண்டு. பச்சைத் தோலை உப்புப் போட்டுத்தான் அடுக்குவார்கள். அந்த உப்பு வருடக்கணக்கில் பூட்டின் இடுக்கில் இறங்கியிருக்கும். வாங்கி வந்ததும் துருவைத் தேய்த்து எண்ணெய் விட்டு வைத்தால் ஒரு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி செம்மண் நிறத்தில் துரு பூக்கும், ஏனென்றால் எண்ணெய்க்கு அடியில் உப்பு அப்படியே இருக்கிறது. முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறப் போட்டு, காலையும் மாலையும் தண்ணீரை மாற்ற வேண்டும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். நம் ஊர் போர்வெல் தண்ணியே உப்புக் கரிக்கும், ஆர்.ஓ. தண்ணீர் என்றால் நல்லது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் வைத்தால் எந்த டிரையரும் வேண்டாம்.

அடுத்து துரு. இரும்புப் பாகங்களை மட்டும் வெள்ளை வினிகரில் ஒரு ராத்திரி போடுங்கள். காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே காய வைக்க வேண்டும்; ஈரத்தோடு விட்டால் பத்தே நிமிடத்தில் புதுத் துரு. ஸ்பிரிங்கை மட்டும் அமிலத்தில் போடாதீர்கள், எஃகு ஸ்பிரிங் நொறுங்கும் தன்மைக்கு வந்து அடுத்த அழுத்தத்தில் உடையும். பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்ப்பது நம் வீட்டுப் பழக்கம். குத்துவிளக்குக்குச் சரி, பூட்டுக்கு வேண்டாம். அதிக நேரம் ஊறினால் புளி துத்தநாகத்தை அரித்துச் செம்பு நிறத்தில் திட்டுத் திட்டாக விட்டுவிடும். எழுத்து பொறித்த பழைய பூட்டென்றால் எழுத்தும் மழுங்கும்.

இனிப் பிரிப்பது. நான்கு லீவர் தொங்கு பூட்டின் பின்தகட்டை மூன்று அல்லது நான்கு ரிவிட் பிடித்திருக்கும். ரிவிட் தலையை அரத்தால் தகட்டோடு சமமாக ராவி, நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, ரிவிட்டைவிடச் சற்றுச் சிறிய டிரில் பிட்டால் பாதி ஆழம் துளைத்து, பிறகு பஞ்ச் வைத்து வெளியே தட்டுங்கள். முழு ஆழமும் துளைக்கப் போனால் பிட் நழுவி லீவர் ஒன்றை ஓட்டை போடும். தகட்டைத் தூக்கும்போது பூட்டு குப்புற, வெள்ளைத் துண்டின் மேல் இருக்கட்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு போட்டோ. எடுத்த லீவர்களை எடுத்த வரிசையில் செல்லோ டேப்பின் ஒட்டும் பக்கத்தில் வைத்து, 1, 2, 3 என்று எழுதிவிடுங்கள். இரண்டு லீவர் இடம் மாறினால் போதும், எல்லாம் சரியாக மாட்டியும் சாவி திரும்பாது. பூட்டு போச்சு என்று நினைப்போம், தவறு வரிசையில்தான் இருக்கும்.

திரும்ப மூடும்போது பழைய தகடு வேண்டாம். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் 3 மி.மீ. அக்ரிலிக் வெட்டுத் துண்டு கேட்டால் கொடுப்பார்கள். பழைய தகட்டை மேலே வைத்து வரைந்து, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, மெதுவான வேகத்தில் 3.2 மி.மீ. துளை போட்டு, எம்3 திருகால் பூட்டுங்கள். டேப் இல்லாமல் வேகமாகத் துளைத்தால் மூலையில் விரிசல் ஓடும். திருகை இறுக்கினால் லீவர்கள் ஒட்டிக்கொள்ளும், கால் சுற்றுத் தளர்த்தி விடுங்கள். இப்போது சாவி திரும்பும்போது காடிகள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசைக்கு வருவதை வீட்டுக்கு வருகிற குழந்தைகூடப் பார்க்கலாம். சேகரிப்பில் எல்லோரும் கையில் எடுக்கிற பூட்டு இதுவாகத்தான் இருக்கும்.

சாவி இல்லாத பூட்டுக்குச் சாவி செய்வதும் இந்தத் திறந்த நிலையில்தான் எளிது. வெட்டாத சாவியை உள்ளே விட்டால் எல்லா லீவரையும் அளவுக்கு மேல் தூக்கும். முதல் லீவருக்கு நேரான இடத்தில் அரத்தை இரண்டு இழுப்பு இழுத்து, போட்டுப் பார்த்து, காடி முளைக்கு நேராக இறங்கும்வரை ராவ வேண்டும். பிறகு அடுத்த லீவர். அவசரப்பட்டு ஒரு இழுப்பு கூடிவிட்டால் அந்த லீவர் தாழ்ந்துவிடும், திரும்ப ஏற்ற வழி இல்லை, புதுச் சாவியில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். முனை குழலாக இருக்கிற சாவியென்றால், குழலின் உள்விட்டம் பூட்டுக்குள் இருக்கும் முள்ளுக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்.

கம்பி விட்டுத் திறப்பதற்கு லீவர் பூட்டுக்குச் சைக்கிள் ஸ்போக் போதும், சுமார் 2 மி.மீ. கனம். ஒன்றை எல் வடிவில் வளைத்துப் போல்ட்டைத் தள்ளுவதற்கு, இன்னொன்றின் நுனியைத் தட்டையாக்கி லீவர் தூக்குவதற்கு. போல்ட் மேல் மெல்லிய அழுத்தம் கொடுத்துக்கொண்டே லீவர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இறுக்கமாக இருக்கும். அதைத்தான் முதலில் தூக்க வேண்டும், சின்னதாக ஒரு தளர்வு தெரியும்வரை. அழுத்தம் அதிகமானால் எல்லா லீவரும் இறுக்கமாகத் தோன்றும், எது எதுவென்று தெரியாது. துருவும் இதே போல ஏமாற்றும், அதனால்தான் சுத்தம் செய்யாத பூட்டில் முயற்சி செய்யக் கூடாது.

பின் பூட்டுக்கு வேண்டிய கம்பியை ஹாக்சா பிளேடில் ராவிக்கொள்ளலாம், கனம் 0.6 மி.மீ. சொச்சம். கிரைண்டரில் பிடிக்கும்போது மூன்று நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்குங்கள். நுனி நீலமானால் பதம் போய்விட்டது, பூட்டுக்குள் வளையும். சிலிண்டரைப் பிரிக்க, உள் உருளையின் அதே விட்டத்துக்கு ஒரு மரக்குச்சியைச் சீவிக்கொள்ளுங்கள். சாவியைப் போட்டு, உருளையைக் கொஞ்சம் திருப்பி, பின்பக்கம் உருளையைப் பிடித்திருக்கும் சர்க்லிப் வளையத்தைக் கழற்றி, குச்சியால் உருளையைத் தள்ளியபடியே வெளியே எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் மேல் பின்களும் ஸ்பிரிங்கும் அந்தச் சந்தில் கொட்டும். திருப்பாமல் நேராக இழுத்தாலும் இதே கதி.

மசகு விஷயத்தில் ஒன்று. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி விடியற்காலையில் பூட்டு திறக்காது. லீவர் அடுக்குக்குப் பென்சில் கரித்தூள் ஒரு சிட்டிகை, வளையத்தின் கீலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. இரண்டையும் ஒரே இடத்தில் கலந்தால் மை மாதிரி கெட்டியாகும்.

“திப்பு சுல்தான் காலத்துப் பூட்டு, கோட்டையில கிடைச்சது” என்று யாராவது விற்க வந்தால் திருகைப் பாருங்கள். திப்புவின் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் வைத்திருந்தது 1799க்குப் பிறகு, சிப்பாய்கள் எழுந்தது 1806. கூட்டல் குறித் தலையுள்ள பிலிப்ஸ் திருகு புழக்கத்துக்கு வந்ததோ 1930களில். அடுத்து வளையத்தின் உள்விளிம்பு: கொண்டியில் தொங்கித் தொங்கி ஒரே இடத்தில் பள்ளமாகத் தேய்ந்திருக்க வேண்டும். உடம்பு முழுக்க ஒரே சீராகக் கறுத்திருந்து, சாவித் துவாரத்தின் ஓரம் மட்டும் கூர்மையாக இருந்தால் அது போன வருடத்துப் பழசு.

நோட்டில் ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு பக்கம்: வாங்கிய தேதி, இடம், ரசீது, எடை, லீவர் எண்ணிக்கை, பிரித்தோமா இல்லையா, சாவி எந்த எண். மாட்டுவதற்கு 12 மி.மீ. பிளைவுட் பலகை நன்றாக இருக்கும், ஆனால் நாற்பது பூட்டு சேர்ந்தால் பத்துக் கிலோவைத் தாண்டலாம், சுவரில் ஆணி போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகையின் பின்பக்கம் சுவர் ஈரத்தை உறிஞ்சும். ஒரு அங்குலம் கட்டை வைத்து விலக்கி மாட்டுங்கள். சாவிகளைப் பூட்டிலேயே தொங்கவிடாமல் தனி டப்பாவில், எண் போட்ட அட்டையோடு. போட்டோ எடுத்துப் பகிரும்போது பூட்டு மட்டும் இருக்கட்டும். சாவியின் பல் தெளிவாகத் தெரிகிற ஒரு படம் இருந்தால், அரம் பிடிக்கத் தெரிந்தவருக்கு அந்தச் சாவி கையில் இருப்பதும் ஒன்றுதான்.