தோலாவிராவுல போர்டு பாக்கப் போய் குளம் பாத்த கதை

குஜராத்ல இருக்குற கட்ச் போயிட்டு வந்து மூணு வாரம் ஆச்சு, வெள்ளை உப்பு போட்டோ எல்லாம் ஸ்டேட்டஸ்ல போட்டு முடிச்சாச்சு, ஆனா அங்க இருக்குற தோலாவிரா, அதான் சிந்து சமவெளி காலத்து பழைய ஊர், அது மட்டும் மண்டைக்குள்ளயே சுத்திட்டு இருக்கு, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

நான் போனதே அந்தக் காலத்துல சிந்து எழுத்துல வெச்ச பத்து எழுத்து போர்டுக்காக. கோட்டையோட வடக்கு வாசல்கிட்ட கிடைச்சது, இன்னிக்கு வரைக்கும் யாராலயும் படிக்க முடியல. அந்த எடத்துக்குப் போய் நின்னா சப்புனு ஆயிடுச்சு. சரி வந்தது வந்துட்டோம்னு கோட்டையிலேர்ந்து கெழக்குப் பக்கம் எறங்குனா பெரிய பள்ளம், ஓரத்துல படிக்கட்டு, அங்கதான் நின்னுட்டேன்.

குளம்தான் அது. 73 மீட்டர் நீளம், 29 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம். போன்ல கணக்கு போட்டேன், பெட்டி மாதிரி நேரா இருந்தா ரெண்டு கோடி லிட்டருக்கு மேல, படி சரிவு எல்லாம் கழிச்சா கொஞ்சம் கொறையும். இது மாதிரி சின்னதும் பெருசுமா 16 இருக்கு, சிலதுல பாறையவே வெட்டி எறக்கியிருக்காங்க. எல்லாம் 4500 வருஷம் முன்னாடி, இரும்பே கெடையாது, கல்லும் செம்பும் வெச்சுக்கிட்டு!

இந்த ஊர் இருக்குற எடத்த யோசிச்சு பாருங்க. ரண்ங்கிற உப்புப் பாலைவனத்து நடுவுல காதிர்னு ஒரு தீவு, சுத்தி உப்பு, நெலத்தடி தண்ணி பெரும்பாலும் உவர்ப்பு, வருஷத்துக்கு 300 மில்லிமீட்டர் மழை பேஞ்சாலே பெரிய விஷயம். மொகஞ்சதாரோக்காரங்களுக்கு பக்கத்துலயே சிந்து நதி, தெருவுக்குத் தெரு கெணறு தோண்டிக்கிட்டாங்க. இவங்களுக்கு இருந்தது மழைக்காலத்துல மட்டும் ஓடுற ரெண்டு ஓடை, வடக்குல மன்சர், தெக்குல மன்ஹர். ஊர் அந்த ரெண்டுக்கும் நடுவுல. ஓடையில குறுக்க தடுப்பணை போட்டு தண்ணிய குளத்துப் பக்கம் திருப்பியிருக்காங்க. ஊருக்குள்ள வடகிழக்குலேர்ந்து தென்மேற்குக்கு 13 மீட்டர் சரிவு இருக்கு, நாமளா இருந்தா மொதல்ல ஜேசிபி விட்டு மட்டம் பண்ணியிருப்போம், அவங்க அந்த சரிவ வெச்சே குளங்கள வரிசையா அமைச்சிருக்காங்க. ஒரு குளத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருக்குற கரைதான் ஊருக்குள்ள போற பாதையும், எனக்கு ரொம்பப் புடிச்சது அதுதான்.

கோட்டை மேல விழுற மழையக் கூட விடல. கல்லு மூடி போட்ட மழைநீர் வாய்க்கால், பெரிய வாய்க்காலுக்குள்ள ஒசரமான ஆளே நிமிந்து நடக்கலாம். மொத தடவை பாத்தப்ப சுரங்கப்பாதைன்னே நெனச்சேன், சாக்கடைன்னு நெனச்சவங்களும் இருப்பாங்க, ஆனா உள்ள ஓடுனது மழைத்தண்ணி. குளத்துல அகலத்த விட ஆழத்துக்கு இவ்ளோ மெனக்கெட்டது வெயில்ல ஆவியாகாம இருக்கத்தான்னு எனக்குத் தோணுது, அந்த வெயில்ல ஒரு மணி நேரம் நின்னவங்களுக்கு இது புரியும் :)

1960-கள்ல தொல்லியல் ஆய்வாளர் ஜே.பி. ஜோஷி இந்த எடத்த கண்டுபிடிச்சாரு, இன்னொரு ஆய்வாளர் ஆர்.எஸ். பிஷ்ட் 1990-லேர்ந்து பல வருஷம் தோண்டுனாரு, 2021-ல யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க. இதெல்லாம் டூரிஸ்டுகளுக்கு வாசல்ல வெச்ச தகவல் போர்டுலயே போட்டிருக்கும், விடுங்க.

கெளம்புறப்போ கோட்டை மேல ஒரு கெணறு காட்டுனாங்க. விளிம்புக் கல்லுல கயிறு தேஞ்ச தடம் இருக்கு, பள்ளம் பள்ளமா. எத்தன கை இழுத்திருந்தா கல்லு அப்படி தேயும்னு பாத்துக்கிட்டே இருந்தேன், டிரைவர் ஹாரன் அடிச்சதும்தான் ஓடுனேன்.