ஜன்னல் வழியே பார்த்த பச்சை மேஜை

2025 நவம்பரில் தோஹாவில் நடந்த உலகப் பெண்கள் ஸ்னூக்கர் இறுதிப் போட்டியில் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன், ஹாங்காங்கின் இங் ஆன்-யீயை 3–2 என்று ஜெயித்தார். செய்தியைப் படித்த கையோடு மனசு பாளையங்கோட்டைக்குப் போய்விட்டது. நம் பள்ளிக்கூடத்துப் பின்பக்கத் தெருவில் ஒரு பழைய கிளப், அதன் கம்பி ஜன்னல், உள்ளே மேஜையைப் பார்த்துக்கொண்டு ஸ்கோர் சொல்லும் மார்க்கர் அண்ணாச்சி.

1985-இல் பிளஸ் டூ முடித்த செட்டு நாங்கள். சாயங்கால மணி அடித்ததும் நாலைந்து பேர் அந்த ஜன்னலுக்கு ஓடுவோம். மெம்பர்கள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். அண்ணாச்சி ஸ்னூக்கர் மேஜையைத் தயார் செய்துகொண்டிருப்பார். க்யூ என்ற நீளக் கோலால் பந்துகளைத் தட்டிக் குழியில் விழவைக்கும் ஆட்டம் அது. 12 அடி நீளம், 6 அடி அகலம், பச்சைத் துணிக்கு அடியில் முழுக்கக் கல் பலகை. முதலில் பிரஷ். அப்புறம் இஸ்திரிப் பெட்டி. சூட்டைப் பழைய பேப்பரில் வைத்துப் பார்ப்பார். பேப்பர் பழுத்தால் காத்திருப்பார். துணியின் ரோமம் சாய்ந்திருக்கும் பக்கமாகவே, கறுப்புப் பந்து இருக்கும் கோடியை நோக்கி, ஒரே திசையில் தேய்ப்பார். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி ஈரம் வாங்கிப் பந்து தயங்கி ஓடும். அந்த மாதங்களில் அவர் தேய்ப்பதைப் பார்த்தால் கைக்குழந்தையைத் துவட்டுவது போல இருக்கும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கேரம் போர்டும் போரிக் பவுடரும்தான். வாய் பிளந்து பார்ப்போம்.

“வெள்ளைக்காரன் ஆட்டம்னு சொல்லுவானுவ. பொறந்தது நம்ம நாட்டுலதாம்ல” என்பார். 1875-இல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில், பில்லியர்ட்ஸ் மேஜையில் கலர்ப் பந்துகளைச் சேர்த்து இதை ஆரம்பித்தவர் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி. வுல்விச் ராணுவப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பையன்களை ‘ஸ்னூக்கர்’ என்று கூப்பிடுவார்களாம். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. பிற்பாடு விதிமுறைகளை எழுதி மாட்டியது ஊட்டி கிளப்பில். வரலாறு வகுப்பில் மியூனிக் ஒப்பந்தப் பாடம் வந்தபோது, அதில் வரும் பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லின்தான் இவரா என்று எழுந்து கேட்டேன். சார் உடனே பதில் சொல்லவில்லை. லைப்ரரியில் தேடிப் பார்த்து, மறுநாள் “ரெண்டு பேரும் வேற வேறப்பா, பேர்தான் ஒண்ணு” என்று சொன்னார். ஒரு பையன் கேட்ட கேள்விக்காக ஒரு சாயங்காலத்தைச் செலவழித்த ஆசிரியர் அவர்.

அண்ணாச்சியின் தெய்வம் வில்சன் ஜோன்ஸ். 1958-இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம், 1964-இல் நியூசிலாந்தில் மறுபடியும். சுதந்திர இந்தியாவுக்கு ஒரு தனி ஆளாக உலகப் பட்டம் கொண்டுவந்த முதல் மனிதர். கிரிக்கெட்டுக்கு நாம் கொடுத்த கைதட்டலில் கால்வாசிகூட அவருக்குக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்தான். 1984-இல் ஓம் அகர்வால் டப்ளினில் ஸ்னூக்கர் பட்டம் வாங்கியபோது, அண்ணாச்சி ஜன்னல் கம்பி வழியாக ஆளுக்கொரு கடலை மிட்டாய் கொடுத்தார்.

மறு வருஷம் ஏப்ரலில் ஷெஃபீல்டில் டென்னிஸ் டெய்லர், ஸ்டீவ் டேவிஸ் ஆடிய உலக ஸ்னூக்கர் இறுதி ஆட்டம். 0–8 என்று பின்னால் கிடந்த டெய்லர் 17–17 வரை வந்து, கடைசி ஃப்ரேமின், அதாவது கடைசிச் சுற்றின், கடைசிக் கறுப்புப் பந்தில் ஜெயித்தார். பிரிட்டனில் 1 கோடியே 85 லட்சம் பேர் நள்ளிரவு தாண்டியும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நம்மூரில் அப்போது விடிகாலை ஐந்து மணி, டீக்கடையில் பால் காய்ந்துகொண்டிருக்கும். இப்போது நான் இருக்கும் லீட்ஸிலிருந்து ஷெஃபீல்டு பக்கம்தான். அந்த ஆட்டம் நடந்த குரூசிபிள் அரங்கத்துக்கு முதல் தடவை போனபோது அது இவ்வளவு சின்ன இடமா என்றிருந்தது. ஆயிரம் பேர்கூட உட்கார முடியாது. ஆட்டக்காரர் க்யூ நுனியில் சாக்பீஸ் தேய்க்கும் சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்கிறது.

1989-இல் தேசியப் போட்டியில் கீத் சேத்தி ஒரே மூச்சில் 147 எடுத்தார், மேஜையில் இருக்கும் பந்துகளுக்கு அதுதான் முழு மார்க். அப்போது எனக்குச் சென்னையில் வேலை. லீவில் ஊருக்கு வந்தவன் நேராகக் கிளப்புக்குத்தான் போனேன். அண்ணாச்சிக்கு விஷயம் தெரிந்திருந்தது. கணக்கை விரல் விட்டுச் சொன்னார். சிவப்புக்கு 1, கறுப்புக்கு 7; சிவப்பு 15, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கறுப்பு, ஆக 120. மிச்சம் ஆறு கலருக்கும் 27. “ஒரு எடத்துல கை நடுங்கிச்சுன்னா போச்சுல்லா” என்றார்.

மத்தியானம், மெம்பர் யாரும் இல்லை. பள்ளிக்கூட நாளில் ஒரு தடவைகூட எங்களை உள்ளே விடாதவர், “உள்ள வாங்க தம்பி” என்றார். ‘ஏலே’ போய் ‘தம்பி’ வந்திருந்தது. க்யூவைக் கையில் கொடுத்து, ஒரு சிவப்பை மூலைக் குழிக்குப் பக்கமாக வைத்தார். முழங்கையை லேசாக அழுத்தி உள்பக்கம் நகர்த்தினார். அடித்தேன். சிவப்பு விழுந்தது.

அண்ணாச்சி சுவரில் இருந்த ஸ்கோர் போர்டுக்கு நடந்து போனார். முள்ளை ஒரு கட்டம் நகர்த்தினார். மெம்பர்களுக்குச் சொல்லும் அதே கணீர்க் குரலில், “ஒன்” என்றார்.