ஒலியை அணைத்துவிட்டு வரைந்த ஐந்து வாரங்கள்: சூ வான்னிங்காக லுவோ யுன்ஷி

'ஹாவ் யீ ஷிங்' என்ற சீனத் தொடருக்காகக் காத்திருப்பவர்களில் நானும் ஒருத்தி. ஆங்கிலத்தில் 'இம்மார்டாலிட்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2020-இலேயே படப்பிடிப்பு முடிந்துவிட்டது, ஆனால் இதை எழுதும் நாள்வரை ஒளிபரப்பாகவில்லை. மூல நாவல் ஆண்களுக்கு இடையிலான காதலைச் சொல்லும் தான்மெய் வகையைச் சேர்ந்தது. அந்த வகை நாவல்களில் காதலை நட்பாக மாற்றி எடுத்த தொடர்கள், 2019-இல் 'தி அன்டேம்ட்', 2021 தொடக்கத்தில் 'வேர்ட் ஆஃப் ஹானர்' என்று பெரிய வரவேற்பைப் பெற்றன. அதே 2021-இல் சீனாவில் ஒளிபரப்புக் கட்டுப்பாடுகள் இறுகின. வரிசையில் நின்ற தொடர்கள் பெட்டிக்குள் போயின. இதுவும் போய்விட்டது.

காத்திருக்கிற நேரத்தில் ஒரு கேள்விக்காவது விடை தேடலாம் என்று தோன்றியது. கதையின் நாயகர்களில் ஒருவரான சூ வான்னிங் வேடத்துக்கு, இந்தத் தொடரில் அதை நடித்திருக்கும் நடிகர் லுவோ யுன்ஷி சரியான ஆள் என்று நான் நாவல் படித்த நாளிலிருந்து நம்புகிறேன். ஏன் என்று கேட்டால் "முகம் பொருந்துகிறது" என்பதைத் தாண்டி எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. எனக்குப் பென்சில் ஓவியம் பழக்கம். அதனால் வரைந்தே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவருடைய பழைய தொடர்களை ஒலி இல்லாமல் ஓடவிட்டு, முகத்தை வரையாமல், உடம்பை மட்டும் ஒரு நிமிடக் கோட்டோவியமாக எடுப்பது. ஒரு மாலைக்கு 20 படம்.

ஒலியை ஏன் அணைக்க வேண்டும்? சீனச் சரித்திர, மாயாஜாலத் தொடர்களில் வசனத்தைப் பெரும்பாலும் பிறகுதான் பதிவு செய்கிறார்கள். பல நேரம் தொழில்முறைக் குரல் கலைஞர்கள்தான் பேசுகிறார்கள். நாம் உருகிப்போகும் குரல் நடிகருடையதாக இல்லாமலே இருக்கலாம். குரலை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கண்டிப்பாக அவருடையதுதான்.

இன்னொரு காரணம் பாத்திரமே. சூ வான்னிங் சிஷெங் சிகரம் என்ற குருகுலத்தில் யூஹெங் என்ற பட்டம் பெற்ற மூத்த ஆசான். வெள்ளை உடை, கூர்மையான கண். தியான்வென் என்ற வில்லோக் கொடிச் சவுக்கு கையில் மின்னினால் மாணவர்கள் நடுங்குவார்கள். வாயைத் திறந்தால் திட்டுதான். ஆனால் அதே மனிதர் சாதாரண ஜனங்களைப் பேய்களிடமிருந்து காக்க ராத்திரி முழுக்க உட்கார்ந்து மரத்தில் இயந்திரக் காவலர்களைச் செய்வார். காரம் ஆகாது, இனிப்பு என்றால் உயிர். மாணவன் மோ ரானுக்காகத் தன் கையால் வொண்டான் என்ற கொழுக்கட்டை சூப் செய்வார், ஆனால் செய்தது தான் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். இப்படி ஒருவருடைய மனது வசனத்தில் வராது. முதுகிலும் கழுத்திலும் விரலிலும்தான் வரவேண்டும்.

முதல் வாரம்

'ஆஷஸ் ஆஃப் லவ்' 2018-இல் வந்தது. அதில் லுவோ யுன்ஷி ருன்யூ, இரவின் தேவன். வானத்தில் நட்சத்திரங்களை அடுக்குவது வேலை, கனவு தின்னும் மான் போன்ற ஒரு விலங்குதான் துணை. இதிலிருந்துதான் ஆரம்பித்தேன்.

முதல் மூன்று நாள் வரைந்தது எதுவும் தேறவில்லை. அகலமான கை, தரை வரை தொங்கும் மேலங்கி என்று பார்த்ததையெல்லாம் வரைந்து தள்ளினேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் துணிக்கடை வாசல் பொம்மை மாதிரி இருந்தது. துணிக்குள் முழங்கை எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. நான்காம் நாள் இரண்டு துப்பட்டாவை என் சட்டைக் கையில் ஊக்கு குத்தி, கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கி இறக்கிப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது: துணி மணிக்கட்டிலிருந்து விழவில்லை, முழங்கையிலிருந்து விழுகிறது. முழங்கை உடம்போடு ஒட்டியிருந்தால் துணி செத்துக் கிடக்கிறது. ஒரு சாண் விலகியிருந்தால்தான் அதற்கு உயிர் வருகிறது. இந்தக் கனத்தோடு அரை மணி நேரம் கையை விலக்கி வைத்திருந்ததில் எனக்குத் தோள்பட்டை கடுத்துப்போயிற்று.

அதற்குப் பிறகு வரைந்த ருன்யூக்கள் எல்லாவற்றிலும் முழங்கை விலகியே இருந்தது. தேநீர் ஊற்றும்போதும், சும்மா நிற்கும்போதும், முதுகைக் காட்டி நடந்து போகும்போதும். வணங்கும்போது இடுப்பிலிருந்து மடிகிறார், முதுகு வளைவதில்லை. விரல்களில் பெருவிரல் உள்ளே அடங்கி, நடுவிரலை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. இது பாலே நடனக்காரர்களின் கை. செங்டூவில் 1988-இல் பிறந்த லுவோ யுன்ஷி ஷாங்ஹாய் நாடகக் கல்லூரியில் பாலே படித்தவர் என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனால் அதை ஒரு தகவலாகத்தான் தெரியும். 80 தடவை அந்தக் கையை வரைந்தபின் அது என் கைக்கே தெரிந்துவிட்டது.

மூன்றாம் வாரம்

இரண்டாம் வாரம் உடம்பு சரியில்லை, ஆறு படம்தான்.

மூன்றாம் வாரம் 'டில் தி எண்ட் ஆஃப் தி மூன்', 2023. எனக்கு ஒரு பயம் இருந்தது. ருன்யூ மென்மையானவர், பணிவானவர். சூ வான்னிங்கோ பயமுறுத்த வேண்டியவர். மெலிந்த உடம்பும் அழகான கையும் இருந்தால் மட்டும் சவுக்கு பிடிக்க முடியாது. இந்தத் தொடரில் அவர் நடித்த தான்தாய் ஜின் இதற்கு என்ன சொல்வார் என்று பார்க்க ஆசை.

வரைய உட்கார்ந்த முதல் மாலையே திகைத்துப்போனேன். பணயக் கைதியாக வளர்ந்த இளவரசன் தான்தாய் ஜின். உணர்ச்சி இழை இல்லாமல் பிறந்தவன், மற்றவர்களைப் பார்த்துத்தான் அழவே கற்றுக்கொள்கிறான். அவனை வரைந்த தாளில் முதுகுக் கோடு நேராகவே இல்லை. தோள் முன்னால் விழுந்து, தலை தாழ்ந்து, கண் மட்டும் மேலே பார்க்கிறது. முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கிறது, அடி வாங்கிப் பழகிய உடம்பு அப்படித்தான் இருக்கும். அதே தொடரில் அவரே போர்த் தெய்வம் மிங் யேவாக வரும்போது மார்பெலும்பு மேலே எழுகிறது, கழுத்து நீள்கிறது. ஆள் ஒருவர்தான், உடை மாறியிருக்கிறது என்று சொல்லி ஒதுக்க முடியாது. என் தாளில் உடையே இல்லை, கோடு மட்டும்தான் இருக்கிறது.

என் தங்கை இந்தத் தொடர்கள் எதையும் பார்த்ததில்லை. முகமில்லாத 12 தாள்களைக் கலைத்து அவள் முன் வைத்து, "ஒவ்வொருத்தரும் எப்படிப்பட்ட ஆள்னு தோணுதோ சொல்லு" என்றேன். மிங் யேவைக் காட்டி, "இவர்கிட்ட நான் பேசவே மாட்டேன்க்கா" என்றாள். தான்தாய் ஜின் தாள்கள் நான்கையும் தனியாக எடுத்து வைத்தாள். "இந்தப் பையனுக்கு யாராவது சோறு போட்டாங்களா?" ருன்யூ தாள் ஒன்றை மட்டும் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தாள். அதில் அவர் கதவருகே நின்று திரும்பிப் பார்க்கிறார். "இவருக்கு ஏதோ கேக்கணும், ஆனா கேக்க மாட்டாரு." நாவலைத் திறந்து சூ வான்னிங்கை விவரிக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நான்காம் வாரம்: தவறு கண்டுபிடித்தது

தாள்களை ஆண்டு வாரியாக அடுக்கும்போது ஒன்று உறைத்தது. சூ வான்னிங்கை அவர் நடித்து முடித்தது 2020-இல். தான்தாய் ஜின்னுக்கான படப்பிடிப்பு அதற்குப் பிறகு. அப்படியென்றால் தான்தாய் ஜின்னைக் காட்டி "இவரால் சூ வான்னிங் செய்ய முடியும்" என்று நான் வாதாடுவது தலைகீழ். அந்த இறுக்கமும் கோபமும் அவருக்குச் சூ வான்னிங்கிலிருந்தே வந்திருக்கலாம், அல்லது 2020-இல் இன்னும் வராமலே இருந்திருக்கலாம். என் சாட்சி 2020-க்கு முன்னால் இருக்க வேண்டும். தான்தாய் ஜின் தாள்களை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி ருன்யூவிடமே போனேன். இந்த முறை மென்மையான காட்சிகளை விட்டுவிட்டு, அவர் உடைகிற காட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ருன்யூ தன் தாயைச் சேர்ந்த மக்களுக்காக இடித் தண்டனையை ஏற்கும் காட்சி இருக்கிறது. அதை மட்டும் மூன்று மாலை வரைந்தேன். பார்க்கும்போது அழுதிருக்கிறேன், வரையும்போதுதான் காரணம் தெரிந்தது. அந்த உடம்பு உடனே விழுவதில்லை. முதலில் முழங்கை ஒட்டுகிறது. பிறகு கழுத்து. முதுகு கடைசிவரை நேராக இருக்கப் பார்த்து, கடைசியில்தான் மடிகிறது. எத்தனையோ எபிசோடாக நேராகவே பார்த்த முதுகு அது.

அங்கேதான் எனக்கு விடை கிடைத்தது. அடுத்த பத்தியில் நாவலின் முக்கியமான கட்டம் வருகிறது, தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் தாண்டிவிடுங்கள்.

வானம் பிளந்து நடக்கும் போருக்குப் பிறகு, தன்னிடம் ஆன்மசக்தி ஒரு துளிகூட மிச்சமில்லாத நிலையில், மயங்கிக் கிடக்கும் மோ ரானை முதுகில் சுமந்துகொண்டு சிஷெங் சிகரத்தின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் சூ வான்னிங் ஏறுவார். நடக்க முடியாதபோது ஊர்ந்து ஏறுவார். படியெல்லாம் ரத்தம். ஆசான் தன்னைக் கைவிட்டுப் போய்விட்டார் என்றே மோ ரான் நம்பியிருப்பான். இந்தக் காட்சியில் பேச ஒரு வரிகூடத் தேவையில்லை.

ஐந்தாம் வாரம் முழுக்க இந்த ஒரு படத்துக்கே போனது. 10 கிலோ அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு எங்கள் மாடிப்படியில் கையூன்றி ஏறினேன், தங்கை பக்கவாட்டில் நின்று போட்டோ எடுத்தாள். முதல் ஆறு முயற்சியும் தோற்றன. நான் வரைந்தது வெறும் களைத்த மனிதர். யார் வேண்டுமானாலும் அப்படி ஊர்வார்கள். ஏழாவது தாளில் வளைந்த முதுகை விட்டுவிட்டு, முதலில் ருன்யூவின் நேர்க்கோட்டை லேசாகப் போட்டு, அதன் மேல் சுமையை ஏற்றினேன். கழுத்து மட்டும் இன்னும் நிமிர்ந்து அடுத்த படியைப் பார்க்கிறது. அதுதான் சூ வான்னிங். யாருக்கும் வளைந்து கொடுக்காத முதுகு வளையும்போதுதான் அந்தப் படிகள் வலிக்கும். நேராக நிற்கத் தெரியாத நடிகர் எத்தனை அருமையாக ஊர்ந்தாலும் இது வராது. நிற்கவும் தெரிந்து, அந்த நிற்பதை எலும்பு எலும்பாகக் கழற்றவும் தெரிந்தவர் லுவோ யுன்ஷி. 2018-லேயே அதைச் செய்து காட்டியிருக்கிறார்.

மோ ரானாக நடிக்கும் சென் ஃபெய்யூ 2000-இல் பிறந்தவர், இவரைவிட 12 வயது இளையவர், ஆனால் உயரம் அதிகம். நாவலிலும் மாணவன் பின்னால் ஆசானைவிட உயர்ந்து விடுகிறான். தன்னைவிடப் பெரிய உடம்பைச் சுமக்கிற கோடு எப்படி விழும் என்று வரையும்போது இதுவும் எனக்கு உதவியது.

ஒரே ஒரு விஷயத்தில் இன்னும் எனக்கு உறுதி இல்லை. சூ வான்னிங்கின் குழந்தைத்தனம். யாரும் பார்க்காதபோது இனிப்பைச் சாப்பிடுவதும், பாராட்டினால் திணறுவதும். நான் வரைந்த ருன்யூவிலும் தான்தாய் ஜின்னிலும் அதற்குச் சரியான ஒரு தாள்கூடச் சிக்கவில்லை. இருவருமே அதற்கு இடமில்லாமல் துக்கத்தில் வாழ்ந்தவர்கள். 2020-இல் வந்த அவருடைய நவீனக் காதல் தொடர் 'லவ் இஸ் ஸ்வீட்'டை அடுத்து எடுக்கப் போகிறேன். மேலங்கி இல்லை, அகலக் கை இல்லை, துணிக்குப் பின்னால் ஒளிய அவருக்கும் வழியில்லை, எனக்கும் இல்லை. புதுத் தாள் கட்டு வாங்கியாகிவிட்டது. ஏழாவது தாளை மேசைக்கு மேல் சுவரில் ஒட்டியிருக்கிறேன், முகத்தை இன்னும் வரையவில்லை.