மடியைத் தடவிப் பார்க்கும் சட்டம்

2011 கோடையில் ஃப்ளோரிடாவில் அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்களில் நானும் ஒருத்தி. கணவரைப் பிரிந்து வந்த கையோடு வேலையும் போனது. இடுப்பில் மூன்று வயதுப் பெண். குடியுரிமை கிடைத்திருந்ததால் விண்ணப்பிக்கவாவது முடிந்தது. கிரீன் கார்டு மட்டும் இருந்தால் பெரும்பாலானவர்கள் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் சேர்த்து மாதம் அதிகபட்சம் 241 டாலர்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான், அதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் அந்த ஜூலை 1 அன்று வந்திருந்தது. ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்திட்ட புதுச் சட்டப்படி, ரொக்க உதவி கேட்கும் பெற்றோர் போதைப்பொருள் சோதனை செய்துகொள்ள வேண்டும். உணவுப் பொருள் வாங்க அரசு தரும் ஃபுட் ஸ்டாம்புக்கு இது கிடையாது. தேறாவிட்டால் ஓராண்டுக்கு உதவி இல்லை. குழந்தையின் பங்கை மட்டும் வேறொருவர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம். சோதனைக்கு முதலில் நாமே பணம் கட்ட வேண்டும். ஒன்றுமில்லை என்று வந்தால் உதவித்தொகையோடு சேர்த்துத் தந்துவிடுவார்கள். சரி, கையில் காசு இல்லை என்றுதானே அரசிடம் போகிறோம்? அந்த முப்பது சொச்சம் டாலரை அடுத்த தெரு அக்காவிடம் கடன் வாங்கினேன்.

கொடுக்கும்போதே அக்கா கேட்டார்: "மடியில கனமில்லன்னா வழியில எதுக்குப் பயம்? எங்க வீட்டுக்காரருக்கும் வேலையில சேரும்போது எடுத்தாங்களே."

எனக்கும் எடுத்திருக்கிறார்கள், முன்பு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தபோது. அப்போது கம்பெனி பணம் கட்டியது. வேண்டாம் என்றால் வேறு கம்பெனி பார்த்துக்கொள்ளலாம். அரசு விஷயம் வேறு. காரணமில்லாமல் யார் மடியையும் அரசு தடவிப் பார்க்கக் கூடாது என்றுதான் அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம் சொல்கிறது. அக்காவிடம் அன்று இதையெல்லாம் பேசவில்லை. கடன் கேட்டு நிற்கிறவள் சட்டம் பேசினால் நன்றாகவா இருக்கும்?

எனக்கு இருந்த பயம் கசகசா. முந்தின வாரம் அக்கா வீட்டுக் குருமாவில் தாராளமாக அரைத்து ஊற்றியிருந்தார். கசகசா தின்றால் சோதனையில் ஓபியம் வகை காட்டக்கூடும் என்பது புரளி இல்லை, உண்மை. அதற்குப் பிறகு வீட்டில் குருமாவே வைக்கவில்லை. என்னென்ன மருந்து சாப்பிடுகிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வழி உண்டு. குருமாவைப் பற்றி எந்த இடத்தில் சொல்வது?

சோதனைக்கூடத்தில் கைப்பையை வெளியே வைக்கச் சொன்னார்கள். கழிவறைக் குழாயில் தண்ணீர் வராது, தொட்டித் தண்ணீரில் நீலச் சாயம். எதையும் கலந்துவிடக் கூடாதாம். சிறுநீர் பிடிக்கும் கோப்பையின் பக்கவாட்டில் சூடு காட்டும் பட்டை ஒட்டியிருந்தது. அங்கே வேலை பார்த்த பெண் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது கூசிப்போனேன். மகள் வேறு வரவேற்பறையில் இருந்து "அம்மா, ஆச்சா?" என்று சத்தம் போட்டாள்.

ஒன்றுமில்லை என்றுதான் முடிவு வந்தது. சோதனைப் பணமும் முதல் தவணையும் உதவித்தொகை அட்டையில் ஏறின. அக்கா கடனை அடைத்தேன்.

அதற்குள் வழக்கு கிளம்பிவிட்டது. லூயிஸ் லெப்ரான், முன்னாள் கடற்படைக்காரர், கல்லூரி மாணவர், மகனைத் தனியாக வளர்ப்பவர். சோதனைக்கு மாட்டேன் என்று நீதிமன்றம் போனார். அக்டோபரில் நீதிபதி மேரி ஸ்கிரிவன் சட்டத்துக்கு இடைக்காலத் தடை போட்டார். 2013 டிசம்பர் 31 அன்று சட்டம் செல்லாது என்று இறுதியாகத் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது.

சட்டம் நடப்பில் இருந்த மாதங்களின் கணக்கும் வெளியே வந்தது. சோதித்தது 4,086 பேரை, சிக்கியது 108 பேர். அதாவது 2.6 விழுக்காடு, அதிலும் பெரும்பாலும் கஞ்சா. தேறியவர்களுக்குச் சோதனைச் செலவாக அரசு திருப்பிக் கொடுத்தது 1,18,140 டாலர். அக்காவிடம் காட்டினேன்.

"அந்த நூத்தியெட்டு பேராவது மாட்டினாங்கல்ல?" என்றார்.

"அவங்களப் பிடிக்க என்னையும் ஏன்கா சேத்து நிக்க வெச்சாங்க?" என்றேன். இன்னும் எங்களுக்குள் இது தீரவில்லை. அக்கா வீட்டுக்காரர் மட்டும் இப்போது என் கட்சி.