காலைக்குளிரில் கோடைகால டயர்

கந்தப்பளைக்கு அப்பால், கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கின்ற ஒரு தேயிலைத் தோட்டத்தின் பங்களாப் பாதையில், சென்ற மார்ச் மாதப் போயா நாளன்று, இரண்டு தொகுதி டயர்களை என்னுடைய பழைய மாஸ்டா எம்.எக்ஸ்.-5 காரில் மாற்றி மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்த்தேன். நுவரெலியாவின் ஏப்ரல் பருவகாலத்தில் நடைபெறும் மலையேற்றக் கார் ஓட்டப் போட்டிகளைச் சிறுவயதிலிருந்தே கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்து வளர்ந்தவன் நான். அவற்றுள் 1934 ஆம் ஆண்டில் தொடங்கிய மகாகஸ்தோட்டை ஓட்டத்தில் ஒரு முறையாவது பங்குபற்ற வேண்டும் என்ற ஆசை பல வருடங்களாக இருக்கின்றது. அதற்கு எந்த டயரைப் போடுவது என்ற கேள்விக்கு மற்றவர்கள் சொல்லும் விடைகளில் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வந்ததால்தான் இந்தச் சோதனையில் இறங்கினேன்.

பாதையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பங்களாவுக்கு மட்டுமே செல்லும் தனிப்பாதை அது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கோ தொழிற்சாலைக்கோ அதில் போக்குவரத்து இல்லை. தோட்ட முகாமையாளரான பெரியதுரையிடம் எழுத்திலேயே அனுமதி வாங்கியிருந்தோம். ஏறத்தாழ 900 மீட்டர் நீளம், ஐந்து வளைவுகள். அவற்றில் இரண்டு, முதல் கியருக்கு இறக்கியாக வேண்டிய கொண்டை முடக்குகள். மூன்றாவது வளைவு யூக்கலிப்டஸ் மரங்களின் நிழலில் இருப்பதால் அதன் உட்புற ஓரம் எப்போதும் பாசி பிடித்திருக்கும். அந்த இடத்தை மட்டும் முந்திய நாளே தும்புத்தடி கொண்டு தேய்த்துக் கழுவினோம். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கும் என் சித்தப்பா மேல்முனையிலும், என் மச்சான் கீழ்முனையிலும் கைபேசியுடன் நின்றார்கள். இருவரும் "பாதை வெறுமை" என்று சொல்லாமல் நான் ஒரு தடவைகூடப் புறப்படவில்லை. நாய்களைக் கட்டிவைப்பதுதான் அன்றைய மிகக் கடினமான வேலையாக இருந்தது.

இரண்டு தொகுதிகளும் 195/50 ஆர் 15 அளவுடையவை. இரண்டும் கோடைகால வகையைச் சேர்ந்தவை. முதலாவது, அன்றாட வீதிப் பாவனைக்கான உயர்திறன் டயர். அதன் பக்கச்சுவரில் தேய்மான எண் 300 என்று இருக்கின்றது. இரண்டாவது, பந்தயத் திடலையும் மனதில் வைத்துச் செய்யப்பட்ட, 200 என்ற தேய்மான எண் கொண்ட டயர். இந்த எண் குறையக் குறைய இறப்பர் மென்மையாகவும் விரைவில் தேய்வதாகவும் இருக்கும் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு உற்பத்தியாளரும் தம் டயருக்குத் தாமே இடும் எண் என்பதால், இரண்டு நிறுவனங்களின் எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது அவ்வளவு சரியல்ல. உற்பத்தியாளர்களின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கார், நடுத்தரத் திறமையுள்ள ஓட்டுநர் ஒருவர் என்ற நிலையில் கிடைத்த முடிவைக் கொண்டு யாரும் கடைக்குப் போகக்கூடாது. 200 எண் தொகுதியைக் கொழும்பில் வாங்கும்போது, முதலில் எடுத்துக் காட்டிய டயர்களின் பக்கச்சுவரில் இருந்த நான்கு இலக்கங்களைப் பார்த்து அவற்றை மறுத்துவிட்டேன். முதல் இரண்டு இலக்கங்கள் உற்பத்தியான வாரத்தையும் கடைசி இரண்டு வருடத்தையும் குறிக்கும்; அவை ஐந்து வருடங்களாக றாக்கையில் கிடந்தவை. கடைக்காரர் முகம் சுளித்தாலும் உள்ளே போய் வேறு தொகுதி கொண்டுவந்து கொடுத்தார்.

"கோடைகால டயர்" என்ற பெயரே நம் நாட்டில் குழப்பத்தை உண்டாக்குகிறது. "அப்ப மழைக்கு வேற டயர் போடணுமா, தம்பி?" என்று சித்தப்பா உண்மையாகவே கேட்டார். பனி உறையும் நாடுகளில் குளிர்காலத்துக்கென்று தனி இறப்பர்க் கலவையில் செய்யப்படும் டயர்களிலிருந்து வேறுபடுத்துவதற்காக வைத்த பெயர் அது. வெயிலுக்கு மட்டும் உரியது என்று பொருளில்லை. நல்ல கோடைகால டயர் மழையிலும் நன்றாகவே பிடிக்கும். அதனுடைய எதிரி ஈரம் அல்ல, குளிர். வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் இந்த இறப்பர் இறுகத் தொடங்கும் என்பது டயர்த் துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை. இலங்கையில் இதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை என்று கொழும்பில் இருப்பவர்கள் சொல்வார்கள். தை மாதத்தில் பனி விழுந்து கொழுந்து கருகுவதைப் பார்த்த நுவரெலியாக்காரர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இறப்பர் பாதையைப் பிடிப்பதற்கு ஒரு காரணம், தார்ப்பாதையின் சிறுகற்களின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப அது நசுங்கி, உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் சற்றே தாமதித்துத் திரும்புவது. அந்தத் தாமதத்தில் இழக்கப்படும் சக்திதான் வெப்பமாக மாறுகிறது. அதுவே பிடிமானமாகவும் நமக்குக் கிடைக்கிறது. எந்த வெப்பநிலையில் இந்த இயல்பு உச்சத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கலவை செய்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். வீதி டயரில் அதைக் கீழேயும், திடல் டயரில் மேலேயும் வைக்கிறார்கள். ஆகவே திடல் டயர் பொதுவாக 60 பாகைக்கு மேல் சூடேறிய பின்னரே தன்னுடைய முழுத் திறமையையும் காட்டும். வட்டத் திடலில் இருபது நிமிடம் ஓடுபவருக்கு அது ஒரு பொருட்டல்ல. மலையேற்ற ஓட்டத்திலோ வரிசையில் குளிர்ந்துபோய் நின்று, கொடி அசைந்ததும் புறப்பட்டு, ஒரு நிமிடம் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

காற்றமுக்க விடயத்தில் எனக்குக் கிடைத்த பாடம் எதிர்பாராதது. கொழும்பில் 30 பாகை வெப்பத்தில் நான்கு டயர்களுக்கும் சரியாக 32 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு வந்தேன். மலையேறினால் குளிரில் காற்று குறையும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விடயம் என்பதால், காலை ஆறு மணிக்கு 14 பாகைக் குளிரில் அமுக்கமானியை வைத்தபோது 29 அல்லது 30 காட்டும் என்று நினைத்தேன். 32.5 காட்டியது. மானி பழுதென்று எண்ணி மச்சானின் மானியை வாங்கி வைத்தேன். அதுவும் அதையே சொன்னது. பிறகு பங்களாப் படிக்கட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. குளிர் ஏறத்தாழ 2.5 பி.எஸ்.ஐ. அளவைக் குறைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் மானி காட்டுவது டயருக்கு உள்ளே இருக்கும் அமுக்கத்துக்கும் வெளியே இருக்கும் வளிமண்டல அமுக்கத்துக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே. கடற்கரையில் 14.7 ஆக இருக்கும் வளிமண்டல அமுக்கம் இந்த உயரத்தில் 11.7 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்த 3 பி.எஸ்.ஐ. மானியில் கூடுதலாகத் தெரிகிறது. ஒன்று எடுத்ததை மற்றது கொடுத்துவிட்டது.

இவ்வளவு கணக்குப் போட்டவன் அடுத்த நிமிடமே ஒரு பிழையும் செய்தேன். திடல் டயரைக் குளிர்ந்த நிலையில் 28 இல் வைக்க வேண்டும், சூடேறியதும் அது தானாக 33 வரை ஏறும் என்று வெளிநாட்டு ஓட்டுநர்கள் சொல்வதை நம்பி, 28 ஆகக் குறைத்துவிட்டேன். அவர்கள் சொல்வது இருபது நிமிட ஓட்டத்துக்கு. என்னுடைய ஓட்டம் ஒரு நிமிடம்கூட இல்லை. டயர் சூடேறவும் இல்லை, அமுக்கம் ஏறவும் இல்லை. டயரின் தோளில், அதாவது அதன் மேற்பரப்பு பக்கச்சுவரோடு சேரும் விளிம்பில், சுண்ணக்கட்டியால் இட்டிருந்த கோடு, பக்கச்சுவரில் இருக்கும் சிறு முக்கோணக் குறியையும் தாண்டி அழிந்திருந்தது. டயர் வளைவுகளில் மடங்கித் தன் பக்கச்சுவரில் நடந்திருக்கிறது என்பதே அதன் பொருள். ஊசி வெப்பமானியைக் குத்திப் பார்த்தபோது முன் இடது டயரின் வெளிவிளிம்பில் 31 பாகையும், நடுவிலும் உள்விளிம்பிலும் 23 பாகையும் இருந்தன. துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்வேன். அது மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது; மேற்பரப்போ காரை நிறுத்தி இறங்குவதற்குள் ஆறிவிடுகிறது.

இனி நேரங்களைச் சொல்கிறேன். காருக்குள் பொருத்திய, செக்கனுக்கு 60 படங்கள் பிடிக்கும் ஒளிக்கருவியின் பதிவில், வெள்ளையடித்த இரண்டு கற்களுக்கு இடையே படங்களை எண்ணிக் கணக்கிட்டவை இவை. காலையில் வீதி டயரின் முதல் ஓட்டம் 51.8 செக்கன், அடுத்த இரண்டும் அதிலிருந்து செக்கனில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு மட்டுமே மாறின. திடல் டயரின் முதல் ஓட்டம் 52.6. இரண்டாவது முடக்குக்குள் முன்பக்கம் நேராகவே சென்றுகொண்டிருந்தது. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் பதில் இல்லை, மெழுகின்மேல் ஓட்டுவது போன்ற உணர்வு. அமுக்கத்தை 31 ஆக உயர்த்திய பின் மூன்றாவது ஓட்டத்தில் 51.9 வந்தது. ஆகவே காலைத் தோல்வியில் ஒரு பகுதி டயருடையதல்ல, என்னுடையது. ஆனாலும் அமுக்கம் சரியாக இருந்தபோதும், முன் ஓட்டங்களின் சூடு கொஞ்சம் மிஞ்சியிருந்தபோதும், விலை கூடிய டயர் விலை குறைந்ததை முந்தவில்லை.

பதினொன்றரை மணிக்குப் பாதையின் மேற்பரப்பு 38 பாகைக்கு வந்தது. அப்போது திடல் டயர் 49.9 செக்கனில் ஏறியது. காலையில் என்னைப் பயமுறுத்திய அதே முடக்கில் பிரேக்கை ஒரு கார் நீளம் தாமதித்துப் பிடிக்க முடிந்தது. நடுப்பகுதியின் வெப்பநிலை 62 பாகை. காலையோடு ஒப்பிட்டால் 2.7 செக்கன் முன்னேற்றம். அதைப் பார்த்து மச்சான் கைதட்டினான். நான் தட்டவில்லை, ஏனென்றால் இதற்குள் நானே பாதையை நன்றாகப் படித்திருந்தேன். இத்தகைய சோதனைகளில் முதலில் பூட்டியதைக் கடைசியிலும் ஒரு தடவை பூட்டி ஓட்டாவிட்டால், டயர் கொடுத்தது எவ்வளவு, கை பழகியது கொடுத்தது எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. மீண்டும் நான்கு சக்கரங்களையும் கழற்றி வீதி டயரைப் பூட்டினோம், 51.0 வந்தது. அதாவது பாதையின் சூடும் என் பழக்கமும் சேர்ந்து கொடுத்தது 0.8 செக்கன். மீதி 1.9 இல், காலையில் நான் பிழையாக வைத்த அமுக்கத்துக்கு உரியதைக் கழித்தால், ஒரு செக்கனுக்குச் சற்று மேல் எஞ்சுகிறது. அதைத்தான் திடல் டயருக்குச் சூடு கொடுத்த பரிசாகக் கணக்கில் வைக்கலாம்.

இந்த வேறுபாடு கடற்கரைப் பக்கத்தில் இன்னும் கூடுதலாகத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என் இயந்திரமும் அதே அளவு வலுவிழந்துதான் ஏறுகிறது. வளைவிலிருந்து வெளியேறும்போது டயரைச் சோதிக்கும் அளவுக்கு அதனிடம் வலு இல்லை. கிடைத்த நேரமெல்லாம் பிரேக் பிடிக்கும் இடத்திலும் வளைவுக்குள் நுழையும் வேகத்திலும் கிடைத்தவையே.

இரண்டு மணிக்கு, மார்ச், ஏப்ரல் மாதங்களில் மலைநாட்டில் வழக்கமாக வரும் இடிமழை கிழக்குப் பக்கமிருந்து இருண்டுகொண்டு வந்தது. தூறலில் வீதி டயருடன் இரண்டு தடவை நிதானமாக ஓட்டிவிட்டு, திடல் டயரையும் ஒரு தடவை பூட்டிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். அதன் வரிப்பள்ளங்கள் குறைவு, ஆழமும் குறைவு. தண்ணீரை ஒதுக்கித் தள்ள அவற்றால் அவ்வளவாக இயலாது. "பாசி வளைவுல இப்ப நான் நடக்கவே மாட்டேன், நீ ஓட்டப் போறியா?" என்று சித்தப்பா மேலிருந்து கைபேசியில் கேட்டார். அத்துடன் நிறுத்திக்கொண்டோம்.

பருவகால ஓட்டத்தில் என் முறை காலையில் வருமா, நண்பகலில் வருமா என்பது என் கையில் இல்லை. நண்பகலில் வந்தாலும் மேகம் மூடினால் பத்து நிமிடத்தில் பாதை குளிர்ந்துவிடும். சூடேற்றும் சுற்று கிடையாது. டயரைச் சூடாக்கும் போர்வைகள் வாங்க என்னிடம் பணமும் இல்லை. ஆகவே மகாகஸ்தோட்டைக்கு 300 எண் டயரையே போடப்போகிறேன், குளிர்ந்த நிலையில் 31 பி.எஸ்.ஐ. மச்சானுக்கு இதில் சம்மதமில்லை. 49.9 என்ற எண் அவன் மனதை விட்டுப் போகவில்லை. அந்த நேரம் வந்தபோது வெயில் எவ்வளவு அடித்தது என்பதை அவன் மறந்துவிட்டான். திடல் டயர்களைத் துடைத்து, கறுப்புப் பொலித்தீன் பைகளில் கட்டி, பங்களாவின் களஞ்சிய அறையில் வெளிச்சம் படாத மூலையில் அடுக்கினோம். களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தைத் திடலில் ஓட வாய்ப்பு வரும் நாளில் அவற்றை எடுப்பேன்.

தேத்தண்ணி குடித்துவிட்டு, மழை விடுவதற்குக் காத்திராமல் வீதி டயர்களுடன் நானுஓயா, தலவாக்கலை வழியாக அட்டனுக்கு இறங்கினேன். கூரைத்துணியின் இடதுபக்கத் தையலில் வழக்கம்போல ஒழுகியது.